பின்பல்லைப் பார்க்காத கேமரா: ‘போகிமான் ஸ்மைல்’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பான்காரர்கள் சொத்தைப் பல்லை ‘முஷிபா’ என்பார்கள். முஷி என்றால் பூச்சி. பா என்பது பல்லைக் குறிக்கும் ‘ஹா’ என்ற சொல்லின் திரிபு. ஆக, பூச்சிப்பல். மிட்டாய் டப்பாவை விடாத பேரனிடம் நம் ஊர்ப் பாட்டி “பல்லுல பூச்சி விழுந்துடும் பாரு” என்று சொல்வதும் இதையேதான். யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. பல்லைக் குடைவது புழு என்று பாபிலோனியர்கள் களிமண் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1728-ல் பியேர் ஃபொஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர், தேடிப் பார்த்தும் புழு எதுவும் அகப்படவில்லை என்று அதை மறுத்து எழுதினார். 1890-ல் பெர்லினில் வேலை பார்த்த வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கர், வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார்.

அதோடு பூச்சியின் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாலு வயதுப் பிள்ளையிடம் அமிலத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பூச்சிதான் வசதி. அதற்கு முகம் உண்டு, அதை அடிக்கலாம், அது ஓடும். 2020 ஜூன் 17 அன்று, போகிமான் எனப்படும் கற்பனைப் பிராணிகளை வைத்து விளையாட்டுகள் வெளியிடும் ஜப்பானின் போகிமான் நிறுவனம் வெளியிட்ட ‘போகிமான் ஸ்மைல்’ செயலி இந்தப் பழைய பூச்சியைத் திரைக்குக் கொண்டுவந்து, பிள்ளையின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து அடிக்கச் சொன்னது.

வெளிவந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். அது கொரோனா முடக்கக் காலம். பள்ளிகள் மூடிக் கிடந்தன, பிள்ளைகள் வீட்டில். இங்கிலாந்தில் மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை வழக்கமான பல் சிகிச்சையே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்த நிறுவனத்துக்கு இந்த மாதிரி முயற்சி புதிதும் அல்ல. 2016-ல் ‘போகிமான் கோ’ மூலம் நடப்பதை விளையாட்டாக்கியிருந்தார்கள். தூக்கத்தை விளையாட்டாக்கப் போவதாக 2019-ல் அறிவித்திருந்தார்கள். நடை, தூக்கம், பல் தேய்ப்பு என்று அம்மாக்கள் தினமும் கெஞ்சும் பட்டியலை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் போல.

இரண்டு நிமிடத்தில் என்ன நடக்கிறது

செல்போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகச் சாய்த்து நிறுத்த வேண்டும். முன்கேமரா திறந்ததும் பிள்ளையின் முகம் திரையில் தெரியும்; தலையில் ஒரு போகிமான் தொப்பி ஏறிக்கொள்ளும். சொத்தைக் கிருமிகள் போகிமான்களைச் சிறைபிடித்து வைத்திருக்கின்றன. பல் தேய்த்தால்தான் கிருமி அடிபடும், போகிமான் விடுபடும். எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்று திரை காட்டிக்கொண்டே போகும். நடுவில் சில படங்கள் எடுத்து வைக்கும். முடிந்தபின் அவற்றில் ஸ்டிக்கர் ஒட்டி விளையாடலாம். நன்றாகத் தேய்த்திருந்தால், காப்பாற்றிய போகிமானைப் பிடித்துச் சேகரிப்பில் சேர்க்கும் வாய்ப்பும் உண்டு. சேகரிக்க 100-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன.

ஒரு முறைக்கு 1, 2, 3 நிமிடம் என்று நேரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு மூன்று நினைவூட்டல் வரை வைக்கலாம். ஒரே போனில் மூன்று பேர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். செயலி இலவசம்; உள்ளே காசு கேட்கும் கடையும் இல்லை. பிள்ளைகளுக்கான விளையாட்டுகளில் இது அரிதான நல்ல குணம்.

ஒரு நிமிடம் போதுமா என்றால், போதாது. பல் மருத்துவர்கள் சொல்வது நாளுக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு நிமிடம். ஆனால் பத்து விநாடி கூட வாயைத் திறக்காத மூன்று வயதுக்காரனுக்கு ஒரு நிமிடம் என்பதே பெரிய ஏற்றம். நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட வழி வைத்தது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

எது பலிக்கிறது

பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட்ட யாருக்கும் தெரியும்: சண்டை பல்லைப் பற்றியதே அல்ல. “இன்னும் எவ்வளவு நேரம்?” என்பதுதான் சண்டை. பெரியவர்களுக்கே இரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு என்று சரியாகப் பிடிபடாது. பிள்ளைக்கு அது முடிவே இல்லாத ஒன்று. செயலி முதலில் செய்வது அந்த நேரத்துக்கு ஒரு உருவம் கொடுப்பதுதான். கிருமி குறைகிறது, போகிமான் வெளியே வருகிறது, அப்படியென்றால் முடியப்போகிறது.

இந்த ஒரு வேலையைக் கேமரா இல்லாமலே செய்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பல் மருத்துவர் பென் அண்டர்வுட் உருவாக்கிய ‘பிரஷ் டிஜே’ செயலி, போனில் இருக்கும் பாட்டுகளை இரண்டு நிமிடம் ஓட விடும், அவ்வளவுதான். ஓரல்-பி நிறுவனம் டிஸ்னியோடு சேர்ந்து வெளியிட்ட ‘மேஜிக் டைமர்’ செயலியில், தேய்க்கத் தேய்க்க மறைந்திருக்கும் படம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும்.

போகிமான் ஸ்மைல் இவற்றைவிட ஒரு படி மேலே போவது வேறொரு இடத்தில். அங்கே எதிரி மாறிவிடுகிறார். வழக்கமாகக் குளியலறையில் அம்மா போலீஸ், பிள்ளை குற்றவாளி. “வாயைத் திற, இன்னும் அந்தப் பக்கம் தேய்க்கல.” செயலி வந்ததும் கிருமி வில்லனாகிறது, அம்மாவும் பிள்ளையும் ஒரே கட்சிக்கு வந்துவிடுகிறார்கள். இந்த இடமாற்றத்தைத்தான் இதன் மிகப் பெரிய சாதனையாக நான் எண்ணுகிறேன். தொப்பி, ஸ்டிக்கர், சேகரிப்பு எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

கேமராவுக்குத் தெரியாதது

இப்போது வாய்க்குள் போகலாம். பால்பற்கள் மொத்தம் 20. ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கம், நாக்குப் பக்கம், பக்கத்துப் பல்லைத் தொடும் இரண்டு ஓரங்கள் உண்டு; கடைவாய்ப் பற்களுக்கு மெல்லும் மேற்பரப்பு வேறு. செல்போனின் முன்கேமரா பார்ப்பது முகத்தை, கையின் அசைவை, சிரித்தால் முன்பற்களின் வெளிப்பக்கத்தை. சொத்தை விரும்பிக் குடியேறுவதோ கடைவாய்ப் பல்லின் பள்ளங்களிலும், இரண்டு கடைவாய்ப் பற்கள் உரசிக்கொண்டு நிற்கும் இடுக்கிலும். அந்த இடுக்குக்குள் பிரஷ்ஷின் குச்சங்களே போகாது. அதற்குப் பல்லிடை நூல் வேண்டும்.

இதில் ஆறு வயதுக் கடைவாய்ப்பல் தனிக் கதை. முன்பல் விழுந்து முளைப்பது வீட்டுக்கே திருவிழா. ஆனால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. முளைத்து வரும் மாதங்களில் மற்றப் பற்களைவிடத் தாழ்ந்து இருக்கும். பிரஷ் மேலே ஓடிப் போய்விடும், இதைத் தொடாது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள், இன்னும் முழுதாக முற்றாத எனாமல் (பல்லின் கடினமான மேலுறை). ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பல் இது. திரையில் பிள்ளை கிருமியை அடித்துத் துரத்தி, போகிமானையும் பிடித்துவிட்டிருக்கும். அந்தப் பல்லைப் பிரஷ் தொட்டதா இல்லையா என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

பேஸ்ட்டும் அப்படித்தான். பிரஷ்ஷில் என்ன பேஸ்ட் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, இருக்கிறதா என்பதே செயலிக்குத் தெரியாது. ஆனால் சொத்தையைத் தடுப்பதில் பெரும்பங்கு வேலையைச் செய்வது பேஸ்ட்டில் சேர்க்கும் ஃபுளோரைடு என்ற பொருள் என்று அடித்துச் சொல்லாத பல் மருத்துவர் குறைவு. ஜப்பானில் பல் மருத்துவத் துறையின் நான்கு அமைப்புகள் 2023 ஜனவரியில் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டன. பல் முளைத்ததிலிருந்து 2 வயது வரை அரிசி மணி அளவு, 3 முதல் 5 வயது வரை பச்சைப் பட்டாணி அளவு. இரண்டுக்கும் சுமார் 1,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) ஃபுளோரைடு. 6 வயதுக்கு மேல் 1,400 முதல் 1,500 பிபிஎம். விளம்பரங்களில் பிரஷ்ஷின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பேஸ்ட் நெளிந்து படுத்திருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு அரிசி மணி என்பது கஞ்சத்தனமாகத் தெரியும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறுவது அதனால்தான். அந்த ஊர்களில் எந்த பேஸ்ட், எவ்வளவு என்பதை உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் கேட்டுச் செய்வதே நல்லது.

அப்புறம் நேரம். ராபர்ட் ஸ்டீஃபன் என்பவர் 1940-களில் காட்டினார்: சர்க்கரை பட்ட சில நிமிடங்களுக்குள் பல்லின் மேல் படலத்தில் அமிலத்தன்மை ஏறிவிடும், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணிக்கு மேல் ஆகும். அமிலத்தன்மை ஏற ஏற இறங்கும் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால் கழுவிவிட ஆள் இல்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு பிள்ளை அழகாகத் தேய்த்துப் போகிமான் பிடித்துவிட்டு, எட்டரைக்குச் சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டுப் படுத்தால், சேகரிப்பு நிரம்பும், பல்லுக்குப் பயன் இல்லை.

இவ்வளவையும் செயலியின் தலையில் கட்டுவது நியாயமா? இல்லை. ஏனென்றால் நிறுவனம் தன் அறிமுகக் குறிப்பிலேயே ஒளிக்காமல் சொல்கிறது: இது சொத்தையைத் தடுக்கவோ கண்டறியவோ குணப்படுத்தவோ ஆனது அல்ல, பிள்ளைக்குப் பல் தேய்ப்பது பிடித்துப்போகும் என்றோ பழக்கமாகிவிடும் என்றோ உத்தரவாதம் இல்லை, விளையாடும்போது பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருந்து உதவ வேண்டும். வக்கீல் எழுதிய வாசகம் என்று தள்ளிவிடலாம். என்னைக் கேட்டால் மொத்தச் செயலியிலும் பல் மருத்துவம் தெரிந்த வாசகம் கடைசியாகச் சொன்னதுதான்.

பழைய டிவி செய்த வேலை

ஜப்பானில் ‘ஷியாகே மிகாகி’ என்று ஒரு வழக்கம் உண்டு. முடித்துத் தேய்ப்பது என்று சொல்லலாம். முதலில் பிள்ளை தானே தேய்க்கும். பிறகு அம்மாவோ அப்பாவோ பிள்ளையின் தலையை மடியில் கிடத்தி, மேலிருந்து வாய்க்குள் பார்த்தபடி, விட்டுப்போன இடங்களைத் தேய்த்து முடிப்பார்கள். கைக்குழந்தைக்கு மடியில் போட்டு மருந்து புகட்டும் அதே கோலம்தான். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் விரல்களுக்கு அந்த நுணுக்கம் வராது என்பதால் பல நாட்டுப் பல் மருத்துவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஜப்பானியர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த வேலை மறந்துபோகாது.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தொலைக்காட்சியில் 1959 முதல் ஓடும் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில், பல பத்தாண்டுகளாகவே பல் தேய்க்கும் பகுதி ஒன்று வந்துகொண்டிருக்கிறது. ஒரு குட்டிப் பிள்ளை பாட்டோடு தானே தேய்க்கும். முடிவில் பெரியவர் கை வந்து தேய்த்து முடிக்கும். அது ஒருவழி ஊடகம். பார்ப்பவனோடு பேசாது, அவன் முகத்தைப் படிக்காது, பரிசு தராது. ஆனால் அந்தத் திரைக்குள் பெரியவரின் கை இருந்தது. பார்க்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பல் தேய்ப்பது என்றால் இரண்டு பேர் வேலை என்று அது தினமும் சொன்னது.

போகிமான் ஸ்மைலின் திரைக்குள் இருப்பது ஒரே ஒரு முகம். பெரியவர் குறிப்பில் இருக்கிறார், விளையாட்டுக்குள் இல்லை. இருவழி ஊடகம் வந்தபோது, பிள்ளைக்கும் திரைக்கும் அடுத்த மூன்றாவது ஆளான பெரியவர் வெளியே போய்விட்டார் என்பதுதான் இந்த ஆய்வில் எனக்குப் பட்ட பெரிய குறை. அம்மா முடித்துத் தேய்க்கும்போதுதான் கடைசிப் போகிமான் விடுபடும் என்று ஒரே ஒரு விதி வைத்திருந்தால் கதையே வேறு.

எண்கள் சொல்வது

உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, பால்பல்லில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகில் 51.4 கோடி. இவ்வளவு பெரிய சிக்கலுக்குச் செல்போன் என்ன செய்ய முடியும்?

முன்னே சொன்ன பிரஷ் டிஜே செயலியைப் பயன்படுத்தியவர்களில் 189 பேரிடம் கேட்ட ஆய்வு 2015-ல் வந்தது. பல் முன்பைவிடச் சுத்தமாக இருப்பதாக உணர்கிறோம் என்றவர்கள் 70 சதவீதம். அதிக நேரம் தேய்க்க அது தூண்டியது என்றவர்கள் 88 சதவீதம். நல்ல எண்கள்தான். ஆனால் இது அவர்களே சொன்னது. யாரும் அவர்கள் வாயைத் திறந்து பார்க்கவில்லை. செயலியை வைத்திருக்கப் பிடித்தவர்கள்தான் பதிலும் சொல்லியிருப்பார்கள்.

வாயைத் திறந்து பார்த்த ஆய்வு ஒன்றும் உண்டு. பிரிட்டனில் ‘பிரைட்’ என்ற பெயரில் 42 பள்ளிகளில், 11 முதல் 13 வயதுள்ள 4,680 மாணவர்களிடம் நடந்தது. ஒரு சாராருக்கு வகுப்பில் ஒரு பாடம், பிறகு தினம் இரண்டு முறை பல் தேய்க்க நினைவூட்டும் குறுஞ்செய்தி. ஆறு மாதத்தில் இரண்டு முறை தேய்ப்பது கூடியிருந்தது. இரண்டரை ஆண்டு கழித்துச் சொத்தையை எண்ணியபோது இரு சாராருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வயது வேறு, ஊடகம் வேறு. அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் போன் நினைவூட்டியதால் கை பிரஷ்ஷை எடுத்தது என்பதற்கும் பல் பிழைத்தது என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அது காட்டுகிறது.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. ‘சைல்ட்ஸ்மைல்’ திட்டத்தில் நர்சரிகளிலேயே தினமும் ஃபுளோரைடு பேஸ்ட்டோடு, ஆசிரியர்கள் பார்க்கப் பார்க்கப் பிள்ளைகள் பல் தேய்க்கின்றன. திரை இல்லை, கிருமிப் படம் இல்லை. வெளிப்படையான சொத்தை இல்லாத முதல் வகுப்புப் பிள்ளைகள் 2003-ல் 45 சதவீதம். 2018-ல் 71 சதவீதம். எல்லாம் இந்த ஒரு திட்டத்தாலேயே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்பதும், பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருப்பதும்தான் அங்கே முதலீடு.

பரிசு நிரம்பிய பிறகு

இன்னொரு சந்தேகத்தையும் தொட்டுவிட்டுப் போகலாம். 1973-ல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட பிரபலமான சோதனை ஒன்று உண்டு. நர்சரிப் பிள்ளைகளில் சிலருக்கு, படம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் என்று முன்னாலேயே சொன்னார்கள். பின்னர் பரிசு இல்லாத நாட்களில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். போகிமானுக்காகத் தேய்க்கும் பிள்ளை போகிமான் தீர்ந்ததும் பிரஷ்ஷைப் போட்டுவிடுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

எனக்கு அந்தப் பயம் பாதிதான். வரைவது பிள்ளைக்குத் தானாகவே இன்பம். பரிசு அதைக் கெடுத்தது. பல் தேய்ப்பதில் கெடுவதற்கு இன்பம் எங்கே இருக்கிறது? தொடங்கி வைக்கப் பரிசு உதவும். தொடர்வதற்குக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுக்கு ஒரு புதுப் பழக்கம் தன்போக்கில் வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. தினம் இரண்டு முறை தேய்த்து முறைக்கு ஒன்று பிடித்தால், நூறு போகிமான் 50 நாளில் தீரும். கொஞ்சம் முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது. காலையில் செயலி வேண்டாம், இரவு மட்டும் என்று வைத்துக்கொண்டால் 100 நாள் வரும்.

நம் வீட்டுக் குழாயடியில்

பல்லைப் பற்றித் தமிழில் எழுதினால் ஆலும் வேலும் வந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இந்தக் கட்டுரையில் இதோடு சரி.

இந்தச் செயலி தமிழ் பேசாது. பிள்ளைக்கு அது பெரிய தடை இல்லை; கிருமியை அடிக்க மொழி வேண்டாம். ஆனால் முடிவில் வரும் தேய்ப்புக் குறிப்புகளைப் பெரியவர் படித்து, சொல்லிக் காட்ட வேண்டியிருக்கும். போனைப் பிள்ளையின் கையில் கொடுக்கவே கூடாது. ஒரு கையில் போன், ஒரு கையில் பிரஷ் என்றால் தேய்ப்பது போய்விடும், போனும் வாளிக்குள் போய்விடும். நிறுத்தி வைக்க இடம் இல்லை என்றால் பெரியவர் பிடித்துக்கொள்ளட்டும். அதைவிட முக்கியம், பிள்ளை ஓரிடத்தில் நிற்க வேண்டும், அல்லது உட்கார வேண்டும். வாயில் பிரஷ்ஷோடு ஓடி விழுந்து தொண்டையில் குத்திக்கொள்ளும் விபத்துகள் பற்றி ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. போகிமான் பிடித்த உற்சாகத்தில் “பாட்டி, இங்க பாரு!” என்று பிரஷ்ஷோடு ஓடுவதுதான் நடக்கும். பேஸ்ட்டைப் பெரியவரே வைத்துக் கொடுப்பது, தேய்த்தபின் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பதைக் குறைத்துக்கொள்வது, பாலை முன்னாலேயே குடித்து முடிப்பது எல்லாம் திரைக்கு வெளியே நடக்க வேண்டியவை.

இரண்டு நிமிடம் முடிந்து போகிமான் பிடிபட்டதும் அதே போனை எடுத்து டார்ச்சைப் போடுங்கள். பிள்ளையின் தலை மடியில். மேல் உதட்டைத் தூக்கி, ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு ஏதும் தெரிகிறதா பாருங்கள். சொத்தையின் முதல் அடையாளம் அதுதான், அந்த நிலையில் திருப்பிவிடவும் முடியும். பிறகு கடைசிக் கடைவாய்ப்பல் வரை ஒரு முறை நீங்களே தேய்த்து முடியுங்கள். முன்கேமரா காட்டாததைப் பின்னால் இருக்கும் விளக்கு காட்டும்.

மூன்று கணக்கு வைக்கலாம் என்றேன் அல்லவா? இரண்டாவதை அப்பா பெயரிலும் மூன்றாவதை அம்மா பெயரிலும் திறந்து வையுங்கள். சாப்பிட்ட கையோடு பாயில் சாய்ந்து, காலையில் மட்டும் பல் தேய்ப்பவர் யார் என்பது ஒரே வாரத்தில் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கேள்வியும் வரும்.